மக்கலம் ரோட்டில 600 ரூபாக்கு வாங்கின பைதன் புத்தகம், வாங்கலாமா?

பைதன் எண்டது கொம்பியூட்டருக்கு வேலை சொல்லுற ஒரு புரோகிராமிங் மொழி. புத்தகத்தின்ர பேர் போடேல்ல. என்னட்ட இருக்கிறது பழைய பதிப்பு, பிறகு வந்ததுகளில திருத்தியிருப்பினம், சும்மா ஒருத்தரின்ர பிழைப்பில மண் போட வேண்டாம். ஆனா உந்த மாதிரிப் பழைய கொம்பியூட்டர் புத்தகங்கள் மருதானைப் பக்கம் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில (அப்பா இப்பவும் மக்கலம் ரோட் எண்டுதான் சொல்லுவார்) நான் போன கடையளில குவிஞ்சு கிடந்தது, அதால வாங்கப் போற ஆக்களுக்கு உதவும் எண்டு எழுதுறன்.

நான் ஒரு கொம்பனியில அக்கவுன்ட்ஸ். எக்செல் தெரியும், அதுக்கு மேல ஒண்டும் தெரியாது. மாசக் கடைசியில ஒரே வேலையத் திருப்பித் திருப்பிச் செய்து அலுத்துப்போய்த்தான் புரோகிராமிங் படிப்பம் எண்டு வெளிக்கிட்டது. கிளாசுக்குப் போக நேரமும் இல்ல காசும் இல்ல, வெள்ளவத்தையில இருந்து புறக்கோட்டைக்கு 100 பஸ்ஸில தொங்கிக்கொண்டு போய் வந்தாலே உயிர் போயிடும். புத்தகம் 600 ரூபா. முன் அட்டை கிழிஞ்சிருந்தது, உள்ளுக்கு முதல் ஆளார் பென்சிலால வடிவாக் கோடு போட்டிருக்கிறார், 3ஆம் அத்தியாயம் வரைக்கும். அதுக்கு அங்கால ஒரு கோடும் இல்ல. அப்பவே யோசிச்சிருக்கோணும்.

நல்லதை முதல் சொல்லுறன். விளக்கம் உண்மையில நல்லம். அவசரமே இல்ல, பக்கத்தில இருந்து சொல்லித் தாற மாதிரி. பைதனின்ர வரலாறு ரெண்டு பக்கத்தோட முடியுது (1991இல கீடோ வான் ரொசம் வெளியிட்டது, பேர் பாம்பில இருந்து வரேல்ல, மொன்டி பைதன் எண்ட பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவில இருந்து வந்தது, எண்டாலும் அத்தியாயத்துக்கு அத்தியாயம் பாம்புப் படம்). ஒரே வேலையத் திருப்பித் திருப்பிச் செய்விக்கிற ஃபோர் லூப் மட்டும் 12 பக்கம். 1இல இருந்து 10 வரைக்கும் எண்டு குடுத்தா ஏன் 9ஓட நிக்குது, எண்ணிக்கை ஏன் பூச்சியத்தில தொடங்குது எண்டெல்லாம் கொப்பியில எழுதிப் பார்க்கச் சொல்லுது, நானும் எழுதினனான், அதுக்குப் பிறகு அதில பிழை விட்டதில்ல.

ஆனா ஒரு விசர் வேலை செய்து வச்சிருக்கினம். பைதனில எந்த வரி லூப்புக்குள்ள, எந்த வரி வெளியில எண்டது வரிக்கு முன்னால விடுற இடைவெளியிலதான் தங்கியிருக்கு. அப்பிடிப்பட்ட புரோகிராமைப் பக்கக் கடைசியில பாதியா வெட்டி, மிச்சத்தை அடுத்த பக்கத்தில ஓரத்தோட ஒட்டி அச்சடிச்சா வாசிக்கிறவன் என்ன செய்யிறது? ரெண்டு இடத்தில அப்பிடி. ரெண்டிலயும் ஒவ்வொரு இரவு போச்சு.

பெரிய பிரச்சினை வேற. புத்தகத்தில இருந்த முதலாவது வரியை, ஹலோ எண்டு பிரின்ட் பண்ணுற ஒரே ஒரு வரியை, அப்பிடியே எழுத்துக்கெழுத்துப் பார்த்து அடிக்கிறன், சிவப்பில எரர். திருப்பி அடிச்சன், எரர். லப்டொப்பை ஓஃப் பண்ணி ஓன் பண்ணிக்கூடப் பார்த்தாச்சு. மூண்டு நாள் நான்தான் மோடு எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன், கடைசியில மேல் வீட்டுத் தம்பி, ஏ.எல். ஐ.சி.டி. செய்யிறவர், வந்து ஒரு பார்வை பார்த்திட்டு "அக்கா உது பைதன் 2, நீங்க போட்டு வச்சிருக்கிறது 3, பிரின்டுக்கு அடைப்புக்குறி போடுங்கோ" எண்டார். போட்டன். வந்திச்சு. பைதன் 3 2008லயே வந்திட்டுதாம், 2க்கான ஆதரவை 2020 ஜனவரி 1ஓட நிப்பாட்டிட்டினம். கடைக்காரருக்கு அது தெரியுமோ, அவர் நிறுத்து வாங்கினதை நிறுத்து விக்கிறவர்.

(அந்தத் தம்பியின்ர தமிழ் நோட்ஸில வேரியபிளுக்கு, அதாவது ஒரு பெறுமதியைப் போட்டு வைக்கிற பேருக்கு, "மாறி" எண்டு இருந்தது. மாறுறது மாறி. புத்தகம் அதை விளங்கப்படுத்தப் பெட்டி, லேபிள் எண்டு நாலு பக்கம் எடுத்திருக்கு.)

அதுக்குப் பிறகும் வில்லங்கம் முடியேல்ல. 5ஐ 2ஆல பிரிச்சா 2 வரும் எண்டு புத்தகம் சொல்லுது, எனக்கு 2.5 வருது. சம்பளத்தைக் கேட்டு வாங்கி ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கணக்குப் பார்க்கிற புரோகிராம் ஒண்டு நானே எழுதினன், 45000க்கு ஆளின்ர 8 வீதம் 3600, கொம்பனியின்ர 12 வீதம் 5400, ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் 1350, இவ்வளவுதான். ஓடவே இல்ல. பைதன் 3இல கீபோர்டால அடிக்கிறது எல்லாத்தையும் எழுத்தாத்தான் எடுக்குமாம், நீங்கதான் அதை எண்ணா மாத்தோணும். மாத்தாம 2ஆல பெருக்கினா 90000 வராது, 4500045000 எண்டு வரும். சம்பளம் அப்பிடி வந்தா நான் ஏன் புரோகிராமிங் படிக்கிறன்.

ஒண்டு சொல்லோணும், புத்தகத்தில எல்லாம் சரியா ஓடுது, ஆரும் ஒரு இடத்திலயும் பிழை விடுறதில்ல. எரர் வந்தா கடைசி வரியில இருந்து மேல நோக்கி வாசி எண்டு ஒரு வசனம்கூட இல்ல. அதை நான் பழகினது இந்தப் பழைய பதிப்பு என்னை அலைக்கழிச்சதாலதான்.

உருப்படியாச் செய்தது எண்டா அடையாள அட்டை விசயம். ஓபிஸில 140 பேரின்ர அடையாள அட்டை நம்பர் இருக்கு, பிறந்த திகதி இல்ல, இன்சூரன்சுக்குக் கேட்டினம். பழைய நம்பரில முதல் ரெண்டு இலக்கம் வருசம், அடுத்த மூண்டும் வருசத்தில எத்தினையாவது நாள், பொம்பிளையள் எண்டா அதோட 500 கூட்டியிருக்கும். 2016இல இருந்து வாற 12 இலக்க நம்பரில வருசம் நாலு இலக்கம். இதுக்கு வேண்டிய எல்லாம், துண்டு துண்டா வெட்டுறது, நீளம் பார்க்கிறது, இப்பிடியெண்டா அப்பிடிச் செய் எண்டுறது, 6இல இருந்து 9 வரைக்குமான அத்தியாயங்களில வடிவா இருக்கு, அந்த நன்றி எனக்கு இருக்கு. என்ர நம்பரைப் போட்டன், 1992, சரி. என்ர சொந்தத் தம்பியின்ரயப் போட்டன், 95 ஜனவரி, சரி. அம்மாவின்ரயப் போட்டா 61 யூலையில ஒரு நாள் பிந்திக் காட்டுது! அப்பாவுக்கும் ஒரு நாள் பிந்தி. ரெண்டு கிழமை மண்டையப் போட்டு உடைச்சுப் பிறகுதான் பிடிபட்டது, அட்டையில எல்லா வருசத்திலயும் பெப்ரவரிக்கு 29 நாள் எண்டுதான் எண்ணியிருக்கினம். நான் பிறந்தது லீப் வருசம், தம்பி பெப்ரவரிக்கு முன்னம், அதால எங்கட ரெண்டும் தப்பிட்டுது. லீப் இல்லாத வருசத்தில நாள் 60ஐத் தாண்டினா ஒண்டைக் கழி எண்டு ஒரு வரி போட்டன், முடிஞ்சுது.

தமிழ் பற்றிப் புத்தகத்தில ஒரு சொல் இல்ல, எதிர்பார்க்கவும் இல்ல. "தமிழ்" எண்டு அடிச்சு நீளம் கேட்டா 5 எண்டுது. கொம்பியூட்டர் எழுத்துக்களை வச்சிருக்கிற யூனிகோட் முறையில இகர விசிறியையும் புள்ளியையும் தனித்தனியா எண்ணுதாம். ஸ்டாஃபின்ர பேரைத் தமிழில வச்சிருக்கிற ஆக்கள் கவனம்.

வாங்கலாமா எண்டா, கடையில நிண்டபடியே முதல் அத்தியாயத்தைப் பிரிச்சுப் பாருங்கோ, பிரின்டுக்குப் பக்கத்தில அடைப்புக்குறி இருந்தா எடுங்கோ, இல்லாட்டி வச்சிட்டு வாங்கோ. பைதன்காரரின்ர சைட்டிலயே பாடம் சும்மா கிடக்குது, ஆனா பஸ்ஸில மடியில வச்சுக் கோடு போட்டுப் படிக்க எனக்குப் புத்தகம்தான் சரி. முதல் ஆள் விட்ட இடத்தில இருந்து நான் பென்சிலால போட்டுக்கொண்டு போறன், இப்ப 11ஆம் அத்தியாயம். 12 ஏதோ பந்து விளையாட்டாம், அதுக்கு இன்னும் மனம் வரேல்ல.