திடீரெனப் பார்வை போனால்: ஆப்தால்மோஸ்கோப்பா, அல்ட்ராசவுண்டா?

வலியில்லாமல் ஒரு கண் மட்டும் மங்கிப் போய் ஒருவர் நள்ளிரவில் கேஷுவாலிட்டிக்கு வருகிறார். கண் டாக்டர் காலையில்தான் கிடைப்பார். இரு கண்ணின் பார்வை அளவையும் டார்ச் அடித்துக் கண் பாப்பா சுருங்குவதையும் எப்படியும் முதலில் குறித்துவிடுவோம். அடுத்து எதை எடுப்பது, கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்க்கும் ஆப்தால்மோஸ்கோப்பையா, ஒலி அலையால் படமெடுக்கும் அல்ட்ராசவுண்டையா? எங்கள் ஓட்டு அல்ட்ராசவுண்டுக்கு.

முதல் காரணம் ரத்தம். ஆப்தால்மோஸ்கோப்பில் எதுவும் தெரிய வேண்டுமானால் ஒளி உள்ளே போய்த் திரும்ப வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு விட்ரியஸில் (கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழ்) ரத்தம் கசிந்திருந்தாலோ, புரை முற்றியிருந்தாலோ வெறும் இருட்டுதான். கண் தெளிவாக இருந்தாலும் சுருங்கிய பாப்பா வழியே டிஸ்க்கும் (பார்வை நரம்பின் வாய்) அதைச் சுற்றிக் கொஞ்சமும்தான் தெரியும். விழித்திரை கிழிவதோ பெரும்பாலும் ஓரத்தில். பாப்பாவை விரிக்கும் ட்ராபிகமைடு சொட்டு விட்டால் 20, 30 நிமிடம் போகும், அதன்பின் பாப்பாவைச் சோதிக்கவும் முடியாது. ஒலிக்கு இந்தத் தடைகள் இல்லை.

லீனியர் ப்ரோப் (ஸ்கேனின் நேர்முனைக் கைக்கருவி), கண்ணுக்கான ப்ரீசெட் (முன்னமைப்பு), ஆழம் 4 செ.மீ. மூடிய இமைமேல் ஜெல்லைக் குவித்து, சுண்டுவிரலை மூக்குத்தண்டில் ஊன்றினால் ப்ரோப் ஜெல்லின் மேலேயே நிற்கும், கண் அழுந்தாது. அடிபட்டுக் கண் கிழிந்திருக்கலாம் என்று தோன்றினால் ப்ரோப்பைத் தொடவே வேண்டாம்.

பலர் சறுக்குவது கெயினில், அதாவது படத்தின் பிரகாச அளவில். சாதாரண கெயினில் விட்ரியஸ் கன்னங்கரேலென்று தெரியும். புது ரத்தம் அதிலேயே மறைந்துவிடும். லேசாகப் புள்ளி பூக்கும்வரை கெயினை ஏற்றி, கண்ணை இடமும் வலமும் நாலு தடவை உருட்டச் சொல்லுங்கள். கண் நின்ற பிறகும் உள்ளே புகைபோலச் சுழன்றால் ரத்தம். தடித்த வெள்ளைச் சவ்வு அலைந்தாலும் பார்வை நரம்பின் வாயில் கட்டுண்டு நின்றால் விழித்திரை விலகல். நரம்பைத் தாண்டி மறுபக்கமும் மெல்லிய சவ்வு மிதந்தால், விலகியது விட்ரியஸ் மட்டும்.

இந்தக் கடைசி விஷயத்தில் ப்ரோப்பை ரொம்ப நம்ப வேண்டாம். அவசரப் பிரிவு மருத்துவர்களே ஸ்கேன் செய்து 2019இல் வெளியான, 225 பேரைக் கொண்ட ஆய்வில் விழித்திரை விலகல் சுமார் 97% பிடிபட்டது. விட்ரியஸ் விலகலோ 43 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

ஆப்தால்மோஸ்கோப் ஜெயிக்கும் இடம் விழித்திரைத் தமனி அடைப்பு. வெளுத்த விழித்திரை நடுவே செர்ரிச் சிவப்புப் புள்ளி அதில் தெரியும். ஸ்கேனோ பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். அதனால் ‘ஸ்கேன் நார்மல்’ என்று யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. தமனி அடைப்பைப் பக்கவாதம் போலவே, மணி பார்த்துத்தான் கையாள வேண்டும். ஐம்பதைத் தாண்டியவருக்குப் புதுத் தலைவலியோ, மெல்லும்போது தாடை வலியோ இருந்தால் தமனி அழற்சியாக இருக்கலாம்; அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டையும் உடனே அனுப்புங்கள்.

விழித்திரை விலகலில் மேக்குலா (நடுப் பார்வைக்கான விழித்திரைப் பகுதி) இன்னும் ஒட்டியிருக்கிறதா என்று ஸ்கேனை மட்டும் வைத்து அடித்துச் சொல்லுமளவுக்கு எங்கள் கை தேறவில்லை. நரம்புக்கு நெற்றிப்பொட்டுப் பக்கம் சவ்வு எழும்பாமல், நடுப் பார்வையும் நன்றாக இருந்தால் ஒட்டியிருப்பதாகவே வைத்துக்கொண்டு, விடியும்வரை காக்காமல் விழித்திரை சர்ஜனைக் கூப்பிடுகிறோம்.