கம்ப்ரசருக்கு எந்த ஸ்டார்ட்டர்? வயரிங் பக்கமிருந்து ஓர் அலசல்

கம்ப்ரசருக்கு லைன் இழுக்கப் போனால் முதலில் வரும் கேள்வி, "எத்தனை ஸ்கொயர் எம்எம் கேபிள்?" என்பதுதான். மோட்டாரைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் எது (டிஓஎல், ஸ்டார்-டெல்டா, சாஃப்ட் ஸ்டார்ட்டர், விஎஃப்டி) என்று முடிவாகாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. வயர்களின் எண்ணிக்கை, பிரேக்கர், ரிலே செட்டிங் எல்லாமே அதைப் பொறுத்து மாறும்.

15 கிலோவாட், 415 வோல்ட் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். ஓடும்போது சுமார் 28 ஆம்பியர் இழுக்கும். டிஓஎல்லில், அதாவது மோட்டாரை நேராக முழு வோல்டேஜில் இணைக்கும் முறையில், கிளம்பும்போது அதைப்போல 6 முதல் 8 மடங்கு, அதாவது 170–220 ஆம்பியர். வயரிங் என்னவோ சுலபம்: மூன்று வயர், ஓர் எர்த், அவ்வளவுதான். ஆனால் கேபிள் நீளமாகவோ மெலிதாகவோ இருந்தால் கிளம்பும் நேரத்தில் வோல்டேஜ் விழும். மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே விசை 81 சதவீதம்தான் மிஞ்சும். சி வகை எம்சிபி (கரன்ட் மிஞ்சினால் தானே விழும் பிரேக்கர்) தன் அளவைப்போல 5 முதல் 10 மடங்கு கரன்ட்டுக்குள் உடனே ட்ரிப் ஆகிவிடும் என்பதால், 32 ஆம்பியர் சி வகை காலையில் நிற்கும், மாலையில் விழும். உடனே 63 போட்டுவிடுவது பலர் செய்யும் வேலை. அதே கேபிளில் அது மகா தப்பு, கேபிளுக்குப் பாதுகாப்பே போய்விடும். கிளம்பும் கரன்ட்டைத் தாங்கும் டி வகையோ மோட்டாருக்கான எம்சிசிபியோ (பெரிய பிரேக்கர்) போடுங்கள். எர்த் ஃபால்ட்டில் அது வேகமாக விழுமளவு லூப் இம்பீடன்ஸ் (ஃபால்ட் கரன்ட் போய்வரும் பாதையின் தடை) குறைவாக இருக்கிறதா என்று அளந்தும் பாருங்கள்.

ஸ்டார்-டெல்டாவில் மோட்டார் முதலில் ஸ்டார் இணைப்பில் கிளம்பி, பிறகு டெல்டாவுக்கு மாறும். கிளம்பும்போது லைன் கரன்ட் டிஓஎல்லில் இருப்பதில் மூன்றில் ஒன்றாகிறது, விசையும் மூன்றில் ஒன்றாகிறது. அதனால் கம்ப்ரசர் காற்று அழுத்தம் இல்லாமல்தான் கிளம்ப வேண்டும். அந்த அழுத்தத்தை இறக்கிவிடும் அன்லோடர் வால்வு ஒழுங்காக இல்லையென்றால் ஸ்டாரில் முனகிக்கொண்டே இருந்து, டெல்டாவுக்கு மாறும்போது கிட்டத்தட்ட டிஓஎல் அளவுக்குக் கரன்ட் எகிறும். பழியை டைமர் மேல் போடுவார்கள்!

இங்கே மோட்டாருக்கு ஆறு வயர் போகும். மோட்டாரின் பெயர்ப்பலகையில் 400/690 என்பது போல, லைன் வோல்டேஜுக்கு டெல்டா என்று இருக்க வேண்டும். 230/400 மோட்டார் ஆகாது. டெர்மினல் பாக்ஸில் உள்ள லிங்க் பட்டைகளைக் கழற்ற மறந்தால் நேராக ஷார்ட் சர்க்யூட்தான். ஸ்டார், டெல்டா கான்டாக்டர்களுக்கு (காந்த சுவிட்சுகளுக்கு) நடுவே, இரண்டும் ஒன்றாக மூடாமல் தடுக்கும் மெக்கானிக்கல் இன்டர்லாக் கட்டாயம். ஓவர்லோடு ரிலே வைண்டிங் வழியில் இருந்தால் அதன் செட்டிங் லைன் கரன்ட்டில் 58 சதவீதம், நம் கணக்கில் சுமார் 16 ஆம்பியர். அதை 28-இல் வைத்துவிட்டால் மோட்டார் எரியும் வரை ரிலே வேடிக்கை பார்க்கும்.

வோல்டேஜை மெல்ல ஏற்றும் சாஃப்ட் ஸ்டார்ட்டரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பழையபடி மூன்றே வயர், பொதுவாக 3–4 மடங்கு கரன்ட், திடீர்த் தாவல் இல்லை. மணிக்கு எத்தனை ஸ்டார்ட் தாங்கும் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், அதற்குள் இருக்கும் தைரிஸ்டர் (எலக்ட்ரானிக் சுவிட்ச்) ஆஃப் ஆனால் லைன் துண்டிக்கப்பட்டதாக அர்த்தமில்லை. தனி ஐசோலேட்டர் வேண்டும்.

விஎஃப்டி, அதாவது ஃப்ரீக்வென்சியை மாற்றி மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ், கிளம்பும்போது மோட்டாரின் வழக்கமான கரன்ட்டைப் பெரிதாகத் தாண்டாது. காற்றுத் தேவை ஏறி இறங்கும் இடத்தில் மின்சாரமும் மிச்சமாகும். நாள் முழுக்க முழு லோடில் ஓடுகிற கம்ப்ரசருக்கு அது வீண் செலவு, டிரைவிலேயே சில சதவீதம் வெப்பமாகப் போய்விடும். மோட்டார் கேபிள் ஷீல்டு உள்ளதாக, முடிந்தவரை குட்டையாக இருக்கட்டும். மூன்று ஃபேஸ் டிரைவுக்கு முன்னால் ஆர்சிடி (எர்த் கசிவில் விழும் பிரேக்கர்) வைப்பதென்றால் பி வகை. டிரைவைக் கழற்றாமல் மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) போடாதீர்கள். மெயினை ஆஃப் செய்தாலும் உள்ளே கபாசிட்டரில் சார்ஜ் இருக்கும். டிரைவில் எழுதியுள்ள நிமிடங்கள் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள்.

என் தேர்வு: அன்லோடர் நம்பகமாக இருந்து, லோடும் சீராக இருந்தால் ஸ்டார்-டெல்டா. சப்ளை பலவீனமாகவோ ஜெனரேட்டரிலோ என்றால் சாஃப்ட் ஸ்டார்ட்டர்.

எதைப் போட்டாலும் ஸ்க்ரூ கம்ப்ரசர் தலைகீழாகச் சில நொடி சுற்றினாலே கெட்டுப்போகலாம். விஎஃப்டி தவிர மற்ற மூன்றுக்கும் சப்ளையில், ஃபேஸ் வரிசை மாறினால் ஓடவிடாத ஃபேஸ் சீக்வென்ஸ் ரிலே போதும். விஎஃப்டியில் அந்த ரிலே காப்பாற்றாது, ஏனென்றால் சுற்றும் திசையை முடிவு செய்வது டிரைவின் அவுட்புட்தான். முதல் ஸ்டார்ட்டில் ஒரு தட்டு தட்டி, திசையைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.