கார் ஏ.சி. வேலைக்கு விடுறவங்க படிச்சிட்டு விடுங்க: 23,600 ரூபாய் போச்சு

நேத்து சாயங்காலம்தான் உண்மை தெரிஞ்சுது. கோபம் இன்னும் அடங்கல, எழுத்து முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கங்க. கடை பேர் போடல. ஆப்புல புக் பண்ணா வாசலுக்கே வந்து வண்டியை எடுத்துட்டுப் போற கேரேஜ், அவ்வளவுதான்.

கம்ப்ளெய்ன்ட் சின்னது. பைபாஸ்ல 60-ல போனா ஏ.சி. சில்லுனு வரும். மதுரை காளவாசல் சிக்னல்ல ரெண்டு நிமிஷம் நின்னா அனல். வண்டி நகர்ந்தா மறுபடி குளிர்ச்சி. தொழில் தெரிஞ்ச எவனும் இதைக் கேட்ட உடனே பானெட்டைத் திறந்து கண்டென்சர் (வண்டி முன்னாடி இருக்கிற, ஏ.சி. கேஸோட சூட்டை வெளியேத்துற ஜாலி) ஃபேன் சுத்துதான்னுதான் பார்ப்பான். ஓடும்போது எதிர்க்காத்தே கண்டென்சரை ஆத்திடும். நிக்கும்போது ஃபேன்தான் கதி. அது சுத்தலன்னா ஹை சைடு (கேஸை அழுத்துற பம்பான கம்ப்ரசர், அதை வெளிய தள்ளுற பக்கம்) பிரஷர் 400 பி.எஸ்.ஐ. தாண்டி ஏறும், பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரசர் கிளட்ச்சை (கம்ப்ரசரை இன்ஜினோட சேர்க்கிற தட்டு) கட் பண்ணிடும். கம்ப்ரசர் மேல ஒரு தப்பும் இருக்காது. ரேடியேட்டருக்குத் தனி ஃபேன் இருக்கிற வண்டியில இன்ஜின் சூடும் ஏறாது, அதனால இது கண்ணுல படாம ஓடிட்டே இருக்கும்.

நான் நம்பினது எந்த இடத்துலன்னா, கம்ப்ரசர் போச்சுன்னு கேரேஜ்காரங்க அனுப்பின வீடியோவுல. மானிஃபோல்டு கேஜ் (ரெண்டு பக்க பிரஷரையும் காட்டுற ரெட்டை மீட்டர்) மாட்டியிருக்கு, இன்ஜின் ஓடுற சத்தம் கேக்குது, ரெண்டு முள்ளும் 130 பக்கத்துல நிக்குது. "பாருங்க சார், லோவும் ஹையும் ஒண்ணா நிக்குது. கம்ப்ரசர் பம்பே பண்ணல." கேஜ் படிக்கத் தெரியும்கிறதாலேயே ஏமாந்தேன். நல்லா ஓடுற ஏ.சி.யில நம்ம வெயிலுக்கு லோ சைடு (கேஸ் கம்ப்ரசருக்குத் திரும்பி வர்ற பக்கம்) 30-45, ஹை சைடு 200-250ன்னு பிரிஞ்சு நிக்கணும். ரெண்டும் ஒண்ணா இருந்தா பம்ப் ஆகலதானேன்னு, வேலைக்கு நடுவுல "சரி, மாத்திடுங்க"ன்னு சொல்லிட்டேன்.

அந்த வீடியோவை நேத்து பத்து தடவை பார்த்தேன். ஏ.சி.யை ஆஃப் பண்ணி அஞ்சு நிமிஷம் விட்டா எந்த வண்டியிலயும் ரெண்டு முள்ளும் ஒண்ணாத்தான் வந்து நிக்கும். ஆர்-134ஏ கேஸ், 40 டிகிரி சூட்டுல 130 பி.எஸ்.ஐ. பக்கம் காட்டும், அது கேஸோட இயல்பு. ஹை பிரஷர்ல கட் ஆகியிருந்தா, பிரஷர் கொஞ்சம் இறங்கினதும் கிளட்ச் "டக்"குன்னு மறுபடி பிடிக்கும், முள் ஏறி இறங்கும். தேஞ்ச கம்ப்ரசரா இருந்தாக்கூட முள் கொஞ்சமாவது பிரியும், ஆடும். இங்க நாற்பது செகண்ட் ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. ஸ்விட்ச் போடல, இல்ல கிளட்ச் பிளக்கைப் பிடுங்கிட்டு எடுத்திருக்காங்க. கிளட்ச் இருக்கிற பக்கம் கேமரா திரும்பவே இல்ல. பம்பே பண்ணாத கம்ப்ரசர் பைபாஸ்ல எப்படிய்யா சில்லுனு காத்து குடுக்கும்? இது அப்ப எனக்கே தோணல.

பில்: கம்ப்ரசர் 17,500, ரிசீவர் டிரையர் (கேஸ்ல ஈரத்தை உறிஞ்சுற ஃபில்டர்) 1,800, கேஸும் ஆயிலும் 2,300, கூலி 2,000. மொத்தம் 23,600.

வண்டி வந்த அன்னைக்கே அதே சிக்னல், அதே அனல். ஃபோன் பண்ணேன். "புதுசுல்ல சார், ரெண்டு நாள் ஓட்டுங்க, செட் ஆயிடும்." ரெண்டு நாள் கழிச்சு, "கத்திரி வெயில் சார், எல்லா வண்டியும் இப்படித்தான்." அடுத்து, "கூலிங் காயில் அடைச்சிருக்கும், டேஷ்போர்டு கழட்டணும், 9,000 ஆகும்." பழைய கம்ப்ரசரைக் குடுங்கன்னேன். "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு." அதுக்கப்புறம் ஃபோன் எடுக்கல. ஆப்புல கம்ப்ளெய்ன்ட் போட்டா அரை மணி நேரத்துல "தீர்க்கப்பட்டது"ன்னு மூடிட்டாங்க.

நேத்து தெரிஞ்ச எலக்ட்ரீசியன் அண்ணன் வந்தார். ஏ.சி. ஓடுது, கண்டென்சர் ஃபேன் அசையல. ஒரு மக் தண்ணியை கண்டென்சர் மேல ஊத்தினார், உள்ள குளிர்ச்சி வந்துது. ஃபியூஸ் பாக்ஸ்ல ஃபேன் ரிலேவை (ஃபேனுக்குக் கரண்ட் விடுற குட்டி ஸ்விட்ச்) பிடுங்கிட்டு, அதே நம்பர் போட்ட ஹாரன் ரிலேவைச் சொருகினார். ஃபேன் கிர்ர்னு சுத்திச்சு. புது ரிலே 220 ரூபாய். நின்ன வண்டியில வென்ட்ல தெர்மாமீட்டர் 9 டிகிரி காட்டுது. 220 ரூபாய் வேலைக்கு 23,600.

அப்புறம் டார்ச் அடிச்சு கம்ப்ரசரைக் காட்டினார். பாடி மேல சில்வர் ஸ்ப்ரே, லேபிள் மேலயும் சேர்த்து அடிச்சிருக்கு. மவுன்டிங் போல்ட்ல மழைக்கால மண் காஞ்சு அப்படியே ஒட்டியிருக்கு, ஸ்பேனர் பட்ட தடமே இல்ல. கழட்டவே இல்ல! ஸ்கிராப்புக்குப் போனதா சொன்ன கம்ப்ரசர்தான் இப்பவும் ஓடிட்டிருக்கு.

விவரமா டிப்ஸ் எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன், முடியல. நின்னா சூடு, ஓடினா குளிர்ச்சின்னா முதல்ல ஃபேன், ரிலே, ஃபியூஸ். கண்டென்சர்ல தூசி அடைச்சாலும் இதே மாதிரிதான் பண்ணும், தண்ணி அடிச்சுக் கழுவுங்க. கேஜ் வீடியோ அனுப்பினா கிளட்ச் தட்டு சுத்துறதையும் அதே ஷாட்ல காட்டச் சொல்லுங்க. பழைய பாகத்துல மார்க்கர்ல கையெழுத்துப் போட்டுட்டு வண்டியை விடுங்க, கழட்டினதைக் கையில வாங்காம காசு குடுக்காதீங்க. சீல் பண்ணின சிஸ்டத்துல கேஸ் தானா சட்டுனு தீராது; "கேஸ் குறைஞ்சிருக்கு"ன்னா லீக் எங்கன்னு கேளுங்க. வேக்கம் போட்டுட்டு (உள்ள இருக்கிற காத்தை பம்ப் வெச்சு உறிஞ்சிட்டு), பானெட் ஸ்டிக்கர்ல இருக்கிற கிராம் அளவுக்குத் தராசுல வெச்சுத்தான் ஏத்தணும், பில்லுலயும் கிராம் எழுதி வாங்குங்க. என் பில்லுல "கேஸ் ஃபுல்"னு மட்டும்தான் இருக்கு.