அட்டையா, இரத்தப் பரிசோதனையா, மறு ஊசியா? நியூஜெர்சிப் பள்ளிச் சேர்க்கையும் ஊர்த் தடுப்பூசிப் பதிவும்

தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்துக்குக் குடிபெயரும் குடும்பங்களில் பலருக்கு, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகும் நாளில்தான் தடுப்பூசி அட்டையின் நினைவே வருகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் மாணவரின் முந்தைய பதிவைத் தருவிக்க அம்மாநிலம் 30 நாள் அவகாசம் தருகிறது. அதற்குள் ஊரிலுள்ள பதிவைத் தேடிப் பிடித்து ஏற்கச் செய்யலாம். இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருப்பதைப் பரிசோதனையால் காட்டலாம். பழையதை விட்டுவிட்டு ஊசிகளைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். இம்மூன்றில் ஒன்றையே முழுவதுமாகப் பிடித்துக்கொள்வதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. ஒவ்வொரு நோய்க்கும் விடை வேறு.

முதலில் அட்டை. "எல்லா ஊசியும் போட்டாயிற்று" என்று பெற்றோர் சொல்வதை அமெரிக்க மருத்துவர் சான்றாகக் கொள்ள முடியாது. தேதியோடு எழுதப்பட்ட பதிவு வேண்டும். அப்படி ஒரு பதிவு இருந்து, ஊசி போட்ட வயதும் தவணைகளுக்கு இடையிலான இடைவெளியும் அமெரிக்க அட்டவணைக்குப் பொருந்தினால், அது எந்த நாட்டில் போடப்பட்டதாக இருந்தாலும் கணக்கில் சேரும். ஆயினும் நம் அட்டை நிறைந்திருக்கிறது என்பதாலேயே அங்கும் அது நிறைவானதாகிவிடாது.

இந்திய அரசு அட்டவணைப்படி ஊசி போட்டுக்கொண்ட ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். தட்டம்மை–ரூபெல்லா ஊசி 9 மாதத்தில் ஒன்றும், 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்றுமாகப் போடப்பட்டிருக்கும். முதல் பிறந்தநாளுக்கு முன் போட்ட தட்டம்மைத் தவணை அமெரிக்காவில் செல்லாது என்பதால், இரண்டில் ஒன்றுதான் மிஞ்சுகிறது. அரசு ஊசியில் பொன்னுக்குவீங்கிக்கான மருந்தும் இல்லை. நியூஜெர்சிப் பள்ளி கேட்பதோ தட்டம்மைக்கு இரண்டு தவணை, பொன்னுக்குவீங்கிக்கும் ரூபெல்லாவுக்கும் ஒவ்வொன்று. ஆகவே அட்டை கையில் உள்ள பிள்ளைக்கு இம்மூன்று நோய்களுக்குமான எம்எம்ஆர் ஊசி ஒன்றே ஒன்று போதும். அட்டை தொலைந்த பிள்ளைக்கு 28 நாள் இடைவெளியில் இரண்டு வேண்டும். தனியார் குழந்தை மருத்துவரிடம் 9 மாதம், 15 மாதம், 4 முதல் 6 வயது என மூன்று முறை எம்எம்ஆர் போட்டுக்கொண்ட பிள்ளைக்கு இந்தக் கணக்கில் எதுவுமே தேவைப்படாது. சின்னம்மை ஊசி அரசு அட்டவணையில் இல்லை. பள்ளி அதைக் கேட்கும்.

அட்டையின் மதிப்பு முழுமையாகத் தெரிவது தொண்டை அடைப்பான், ரண ஜன்னி, கக்குவான் இருமல் ஆகிய மூன்றிலும்தான். ஐந்து நோய்க் கூட்டு ஊசி மூன்று தவணை, ஒன்றரை வயதில் ஒரு பூஸ்டர், ஐந்து வயதில் இன்னொன்று என ஐந்தும் பதிவாகியிருந்தால் மறு ஊசிக்கே இடமில்லை. பதிவு இல்லாத ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கோ மூன்று தவணைகளை முடிக்கக் குறைந்தது ஏழு மாதம் ஆகும். ஹெபடைடிஸ் பி நடுவில் நிற்கிறது: நம் ஊரில் கடைசித் தவணை 14ஆவது வாரத்திலேயே முடிந்துவிடுகிறது, கடைசித் தவணை 24 வாரத்துக்குப் பிறகு இருக்க வேண்டும் என்பது அமெரிக்க அட்டவணை என்பதால், மருத்துவர் இன்னொன்று போடச் சொல்லக்கூடும். அட்டை மிகக் குறைவாக உதவுவது போலியோவில். 2016 ஏப்ரல் 1 முதல் கொடுக்கப்பட்ட சொட்டு மருந்து மூன்று வகைக் கிருமிகளையும் தடுப்பதாகக் கொள்ளப்படுவதில்லை. எத்தனை போலியோ முகாம்களுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம் என்பதெல்லாம் இங்கே எடுபடாது.

பதிவு இருந்தும் அது வாசலில் இடறி விழும் இடங்கள் சில உண்டு. பிறந்த அன்று காசநோய்க்காகப் போட்ட பிசிஜி ஊசிக்கு எதிரே பிள்ளையின் பெயர் இருக்காது. "செல்வியின் குழந்தை" என்ற வகையில் தாயின் பெயரே இருக்கும். பிறகு வரும் பக்கங்களில் இனிஷியலோடு ஒரு பெயர், கடவுச்சீட்டில் தந்தை பெயரைக் குடும்பப் பெயராக்கிய இன்னொரு வடிவம் என மூன்று பேர் போலத் தோன்றும். தேதி இன்னும் மோசம். 03/08/2019 என்பதை நாம் ஆகஸ்ட் 3 என்று எழுதியிருப்போம். அங்கே அதை மார்ச் 8 என்று வாசிப்பார்கள். அந்த ஐந்து மாத வித்தியாசத்தில் ஒரு தவணை முதல் பிறந்தநாளுக்கு முன்னே போய், செல்லாததாகிவிடக்கூடும். மருத்துவர் "டிரெசிவாக்" என்று வணிகப் பெயரை மட்டும் எழுதியிருந்தால், அது எம்எம்ஆர்தான் என்று பள்ளிச் செவிலியருக்கு எப்படித் தெரியும்?

இவை எல்லாவற்றுக்கும் ஒரே கடிதம் போதும். ஊசி போட்ட மருத்துவரோ, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரோ, கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி, தடுப்பூசியின் பொதுப்பெயர், மாதத்தை எழுத்தில் குறித்த தேதி ஆகியவற்றை மருத்துவமனையின் பெயர் அச்சிட்ட கடிதத்தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டும். அட்டையே தொலைந்திருந்தால், கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் தேடச் சொல்லலாம். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தாய்க்குக் கொடுத்த ஆர்சிஎச் எண் கையில் இருந்தால் தேடல் எளிதாகும். விமானம் ஏறுவதற்கு முன் ஒரு பிற்பகலில் முடியும் இந்த வேலை, ஏறிய பின் தாத்தா பாட்டியை அலையவிடும் வேலையாகிவிடுகிறது.

இரண்டாவது வழியான இரத்தப் பரிசோதனை, கேட்பதற்கு அறிவியல்பூர்வமாக இருப்பதால் பலரையும் கவர்கிறது. ஊசி குறைவு, விடை உறுதி என்று நினைக்கிறார்கள். இரண்டும் பாதி உண்மை. தட்டம்மை, ரூபெல்லா, பொன்னுக்குவீங்கி ஆகியவற்றுக்கு இது பயன்படும். கக்குவான் இருமலுக்கு எதிர்ப்பாற்றலைக் காட்டும் அளவுகோலே இல்லை. போலியோவுக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை. சின்னம்மை ஊசியால் வந்த எதிர்ப்பாற்றலை வழக்கமான பரிசோதனைகள் பல நேரங்களில் தவறவிடுகின்றன. குழந்தைப் பருவத்தில் போட்ட ஹெபடைடிஸ் பி ஊசியின் எதிர்ப்பொருள் ஆண்டுகள் செல்லச் செல்ல அளவுகோலுக்குக் கீழே இறங்கலாம், பாதுகாப்பு தொடர்ந்து இருந்தாலும். "இல்லை" என்று முடிவு வந்தால் ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும், இரத்தம் எடுத்ததும் போயிற்று. செலவிலும் வேறுபாடு உண்டு: பரிந்துரைக்கப்பட்ட ஊசியைப் பெரும்பாலான காப்பீடுகள் முழுதாக ஏற்கும், பரிசோதனைக்கு அந்த உறுதி இல்லை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. உரிய வயதில் போட்டதாக எழுதப்பட்ட இரண்டு எம்எம்ஆர் தவணைகள் இருக்கையில், பிறகு செய்த பரிசோதனை எதிர்மறையாக வந்தாலும் பதிவே மேலோங்கும் என்பது அமெரிக்க வழிகாட்டுதல். காகிதம் இரத்தத்தை வெல்லும் அபூர்வ இடம் இது.

மூன்றாவதான மறு ஊசியைக் கண்டு அஞ்சுவோர் அதிகம். அச்சத்துக்கான காரணம் குறைவு. எம்எம்ஆர், சின்னம்மை, போலியோ ஊசி, ஹெபடைடிஸ் பி ஆகியவற்றில் ஒரு தவணை கூடுதலாகிப்போவதால் தீங்கு வருவதில்லை. விதிவிலக்கு ரண ஜன்னி கலந்த ஊசி: அடிக்கடி போட்டால் கை பெரிதாக வீங்கலாம். ஏற்கெனவே பல தவணை போட்டிருக்கும் என்று ஐயப்பட்டால், அந்த ஒன்றுக்கு மட்டும் முதலில் இரத்தம் பார்ப்பது நியாயம். காப்பீடே இல்லாத, 19 வயது நிறையாத பிள்ளைகளுக்குக் கூட்டரசின் குழந்தைகள் தடுப்பூசித் திட்டத்தில் மருந்து இலவசம்.

எனவே என் தேர்வு இப்படி அமையும். அவகாசத்தின் முதல் இரண்டு வாரத்தை ஊரிலிருந்து கடிதம் வரவழைக்கக் கொடுப்பேன். அது வரட்டும் என்று காத்திராமல், எப்படியும் குறையப்போகும் எம்எம்ஆர், சின்னம்மை, போலியோ ஊசிகளை முதல் சந்திப்பிலேயே போடச் சொல்வேன். கடிதம் வராவிட்டால்தான் இரத்தப் பரிசோதனையைப் பற்றி யோசிப்பேன், அதுவும் ரண ஜன்னிக்கு. அட்டையைத் தேட வழியே இல்லாத பல்கலைக்கழக மாணவர் தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லாவுக்குப் பரிசோதனையை நாடுவது வேறு விஷயம். பல்கலைக்கழகத்தில் கேட்கப்படும் ஊசிகள் குறைவு, விடையும் தெளிவாகக் கிடைக்கும்.

காசநோய்ச் சோதனையும் கேட்கப்பட்டால் வரிசையைக் கவனிக்க வேண்டும். எம்எம்ஆர் ஊசி அச்சோதனையின் முடிவைச் சில வாரங்களுக்கு மங்கச் செய்யும் என்பதால், இரண்டையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும். தவறினால் ஊசிக்குப் பின் நான்கு வாரமாவது காத்திருக்க வேண்டும். பிசிஜி போட்ட நம் பிள்ளைகளுக்குத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனை பொய்யாக வீங்கக்கூடும். இரத்தம் வழியான காசநோய்ச் சோதனையைக் கேட்டுப் பெறுவது நல்லது. எல்லாம் முடிந்ததும், ஊர்த் தவணைகளையும் சேர்த்து மாநிலத் தடுப்பூசிப் பதிவேட்டில் ஏற்றும்படி மருத்துவரிடம் சொல்லி, அதன் அச்சுப்பிரதி ஒன்றை வாங்கிக்கொண்டால், அடுத்த பள்ளியிலோ அடுத்த மாநிலத்திலோ யாரும் "செல்வியின் குழந்தை" யார் என்று கேட்க மாட்டார்கள்.