அசல் ஒமேகாவைப் போலி என்று சொன்ன கடை

கொழும்பு புறக்கோட்டைப் பக்கம் பழைய மணிக்கூடு திருத்தக் கொண்டுபோகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள். போலியை அசல் என்று விற்பவர்களை எல்லோருக்கும் தெரியும். அசலைப் போலி என்று சொல்லி அடிமாட்டு விலைக்குப் பறிக்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

என்னிடம் இருப்பது, பெரியப்பா கப்பலில் வேலை செய்த காலத்தில் வாங்கிய ஒமேகா சீமாஸ்டர் கைமணிக்கூடு. 1960களைச் சேர்ந்தது, உள்ளே தானாக முறுக்கிக்கொள்ளும் 552 என்ற வகை இயந்திரம். கடைக்காரர் பின்மூடியைத் திறந்து, கண்ணில் வில்லையை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “தம்பி, இது போலி. வெளியில் எண் இல்லை, கண்ணாடி பிளாஸ்டிக், இயந்திரம் செம்பு நிறம். உதிரிப்பாகத்துக்கு எட்டாயிரம் தருகிறேன்.”

இவை எதுவுமே போலிக்கு அடையாளம் இல்லை. பட்டி மாட்டும் கொம்புகளுக்கு நடுவே எண் பொறித்தது பழைய ரோலெக்ஸ். அக்கால ஒமேகாவில் தொடர் எண் இயந்திரத்தின் மேல் இருக்கும், மாடல் எண் பின்மூடியின் உட்புறத்தில் இருக்கும். கண்ணாடியும் அப்போது அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்தான்; மாற்றப்படாத கண்ணாடியின் நடுவில், வில்லை வைத்தால் மட்டும் தெரியும் அளவுக்குச் சின்னதாக ஒமேகா குறி இருக்கும். செம்பு நிறப் பூச்சோ அந்தக் கால ஒமேகா இயந்திரத்தின் அடையாளமே.

விற்கமாட்டேன் என்றதும் பேச்சு மாறியது. டயலுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்து, கேஸை (வெளிக்கூட்டை) மினுக்கித் தர நாற்பதாயிரமாம். போலிக்கு எதற்கு ஐயா நாற்பதாயிரம்? சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பதே டயலைத்தான். பெயின்ட் அடித்தால் எழுத்துகள் தடித்து, நிமிடக் கோடுகள் பிசகி, விலை விழுந்துவிடும். மினுக்கினால் கொம்புகளின் கூர்விளிம்பு மழுங்கும். தேய்ந்துபோன உலோகம் திரும்பி வராது.

இதற்கிடையில் நேரம் சரிபார்க்க என்று உள்ளறைக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது முறுக்கும் குமிழ் மொட்டையாக இருந்தது. ஒமேகா குறி பொறித்த பழைய குமிழைக் காணவில்லை. “எப்போதும் இப்படித்தான் இருந்தது” என்றார். வீட்டில் எடுத்த படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிக் காட்டினேன். மேசை இழுப்பறையிலிருந்து குமிழ் வந்தது. மன்னிப்பு வரவில்லை.

பிறகு வெள்ளவத்தையில் ஒரு வயதான திருத்துநரிடம் கொடுத்தேன். என் கண் முன்னாலேயே திறந்து, இயந்திரத்தில் 552 என்ற எண்ணையும் 24 கற்கள் (தேய்மானத்தைக் குறைக்க உள்ளே பதிக்கும் சிறு கற்கள்) என்ற பொறிப்பையும் காட்டினார். கழுவி எண்ணெயிட்டு, நீர் புகாமல் தடுக்கும் வளையத்தை மாற்றினார்; டயலைத் தொட மறுத்துவிட்டார். இந்த வகைக்குப் பாகங்கள் இன்னும் கிடைப்பதால் செலவழிப்பதில் அர்த்தம் இருக்கிறதாம். தண்ணீர் இறங்கி உள்ளே துருவேறியிருந்தால் வேறு கணக்கு; திருத்தும் செலவு மணிக்கூட்டின் விலையையே தாண்டிவிடும் என்றார்.

ஒப்படைக்கும் முன் டயல், குமிழ், இயந்திர எண் எல்லாவற்றையும் கடைக்காரர் முன்னிலையிலேயே படம் எடுங்கள். அந்த எண்ணை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் மணிக்கூட்டை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.