கராஜ்ல பஞ்ச் பேக் மாட்ட ஆள் கூப்பிடுறவங்க இத படிச்சிட்டு கூப்பிடுங்க

40 கிலோ பேக், என் பொண்ணு நின்ன இடத்துக்கு ஒரு அடி தள்ளி விழுந்துச்சு. மாட்டி 11 நாள் கூட ஆகல. இன்னும் எனக்கு அந்த சத்தம் காதுலயே இருக்கு.

பேக் வாங்குன இடத்துலயே "ஃபிட்டிங்கும் நாங்களே பண்ணித் தர்றோம், 100 கிலோ தாங்கும்"னு சொன்னாங்க, நானும் நம்பி தனியா காசு குடுத்தேன். வந்த ஆளு கால் மணி நேரத்துல சீலிங்ல ஒரே ஒரு ஓட்ட போட்டு, பிளாஸ்டிக் பிளக் ஒண்ண அடிச்சு, அதுல ஹூக்க திருகிட்டு, ஒரு தடவ தொங்கிப் பாத்துட்டு கிளம்பிட்டாரு. நாலு போல்ட் பிளேட் வேணாமா தம்பின்னு நான் கேட்டேன், "சார் ஃபேனே ஒரு ஹூக்லதான் தொங்குது"ன்னாரு.

ஃபேன் ஹூக் கான்க்ரீட் போடும்போதே கம்பியோட சேத்து உள்ள வைக்கிறது, அதுவும் இதுவும் ஒண்ணா? அது ஒரே எடைய சும்மா தாங்கிட்டு நிக்குது, பேக் ஒவ்வொரு குத்துக்கும் இழுக்குது, உதறுது. 40 கிலோ பேக் 60 டிகிரி வரைக்கும் ஆடிட்டு திரும்ப கீழ வரும்போது ஹூக் மேல 80 கிலோ இழுப்பு வரும். அதுவும் ஒரு தடவ இல்ல, நிமிஷத்துக்கு எத்தன தடவ.

ஒரு வாரத்துல பேக் மேல வெள்ளையா தூள் விழ ஆரம்பிச்சுது. ஃபோன் பண்ணேன், பெயிண்ட் தூள் சார், போகப்போக நின்னுரும்னாங்க. அன்னைக்கே நான் கழட்டியிருக்கணும்.

விழுந்த பிறகு ஓட்டைய அளந்தேன், மொத்தமே 4 செ.மீ. ஆழம், அதுல பாதி மேல்பூச்சு, பூச்சுக்கு என்ன பிடிமானம் இருக்கு. பேக்க ஹூக்ல கோத்திருந்த 'S' வடிவ கொக்கி, அந்த எஸ் ஹூக்கும் வாய் விரிஞ்சு கிடந்துச்சு. கேட்டதுக்கு "நீங்க ரொம்ப வேகமா குத்திருக்கீங்க"ங்குறாங்க. பஞ்ச் பேக்க குத்தாம வேற என்ன பண்றதுங்க? காசும் திரும்ப வரல.

அப்புறம் வேற ஒருத்தர வச்சு மாட்டினோம். அவரு முதல்ல தட்டிப் பாத்தாரு, பூச்சு எவ்வளவு, கான்க்ரீட் எங்க ஆரம்பிக்குதுன்னு. கம்பி ஓடுற இடத்த விட்டுட்டு நாலு ஸ்டீல் ஆங்கர் போல்ட், தடிமனான பிளேட், நடுவுல அதிர்ச்சி வாங்க ஸ்பிரிங், எஸ் ஹூக்குக்கு பதிலா எடை அச்சடிச்ச, திருகி மூடுற கொக்கி. அதோட விடல, பிளேட்டுக்கு சம்பந்தமே இல்லாத தனி போல்ட்ல இன்னொரு சங்கிலிய தளர்வா மாட்டிவிட்டாரு, மெயின் ஹூக் போனாலும் பேக் தரைக்கு வராது. உங்க வீட்ல மர உத்தரம்னா பலகை சீலிங்ல மட்டும் திருகவே கூடாது, ரெண்டு உத்தரத்துக்கு குறுக்கால கட்டை போட்டு அதுல மாட்டணும்னாரு. ஃபால்ஸ் சீலிங்னா அதுல ஒண்ணுமே தொங்கவிடக் கூடாது.

ஏற்கனவே ஒத்த ஹூக்ல மாட்டி வச்சிருக்கீங்கன்னா இன்னைக்கு பேக்க இறக்கி வச்சிட்டு ஹூக்க கையால ஆட்டிப் பாருங்க, சுத்தி தூளோ கீறலோ இருந்தா திரும்ப ஏத்தாதீங்க, முக்கியமா பசங்க அந்தப் பக்கம் வர்ற வீடா இருந்தா.