எக்செல் வேலைக்கு எந்த ஏஐ? ஒரு மாங்காய்க் கணக்கை வைத்து அலசல்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கிளம்பலாம். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் மண்டி, கல் குவாரி, ஆடிட்டர் ஆபீஸ் என்று சின்ன இடத்தில் கணக்குப் பார்ப்பவருக்கு, எக்செல்லுக்கு வெளியே தனியாக ஓடும் சாட்ஜிபிடி, கிளாட் வகையறா ஏஐ அரட்டைச் செயலிகளே போதும். அதுவும் கணக்கைப் போட்டுத் தரச் சொல்லாமல், கணக்குப் போடும் ஃபார்முலாவை எழுதித் தரச் சொல்ல வேண்டும். எக்செல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் மைக்ரோசாப்டின் ஏஐயான கோபைலட், ஏற்கெனவே மைக்ரோசாப்ட் 365 சந்தா கட்டுகிறவர்களுக்கு. கூகுள் ஷீட்ஸில் வரும் கூகுளின் ஏஐயான ஜெமினி, நாலு பேர் நாலு ஊரில் நின்று போனிலேயே பதிவு போடும் இடங்களுக்கு.

சோதித்தது ஒரு மாங்காய் சீசன் கொள்முதல் ஷீட்டை வைத்து. தேதி, விவசாயி பெயர், ஊர், ரகம், லோடு எடை, காலி வண்டி எடை, கழிவு, ரேட், தொகை, கொடுத்த அட்வான்ஸ். பெயர்களை மாற்றிவிட்டேன், மற்றபடி அப்படியே. எழுதியவர்கள் ஆளுக்கொரு கை. ஒருவர் தேதிக்கு நடுவில் புள்ளி வைப்பார், இன்னொருவர் சாய்கோடு போடுவார். ஒருவர் தொகைக்குப் பின்னால் பழக்கத்தில் '/-' என்று இழுத்துவிடுவார். ரகம் என்ற இடத்தில் பெங்களூரா, தோத்தாபுரி, கிளிமூக்கு என்று மூன்று பெயர். மூன்றும் கூழ் ஃபேக்டரிக்குப் போகும் அதே மாங்காய்தான். விளம்பர வீடியோவில் வருவதெல்லாம் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு உட்கார வைத்த ஷீட். நம்மிடம் இருப்பது இது.

முதல் வழி: ஃபைலை ஏற்றிவிட்டு 'ரகவாரியாக நிகர எடை, விவசாயிவாரியாகப் பாக்கி சொல்' என்று கேட்பது.

இங்கே ஒரு விஷயம் தெரிந்திருந்தால் பாதி ஏமாற்றம் குறையும். அரட்டைப் பெட்டியில் எண்களை நேராக ஒட்டிக் கூட்டச் சொன்னால், சில நேரம் அது உண்மையில் கூட்டுவதே இல்லை. அடுத்து என்ன எழுத்து வரும் என்று ஊகித்துக்கொண்டே போகிறது. நீளமான பட்டியலில் கூட்டுத்தொகை நம்பும்படியாகவும் இருக்கும், தப்பாகவும் இருக்கும். ஃபைலாக ஏற்றினால் நிலைமை வேறு. பின்னணியில் பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதி அதை ஓட்டி விடை எடுக்கிறது. சாட்ஜிபிடியில் கட்டணம் கட்டுபவர்களுக்கு இந்த வசதி 2023 ஜூலையில் வந்தது. கிளாட் 2025 செப்டம்பரில் எக்செல் ஃபைலையே உருவாக்கித் தர ஆரம்பித்தது. நிரல் ஓடியதா என்பதைத் திரையிலேயே விரித்துப் பார்க்கலாம். ஓடாமல் வந்த கூட்டுத்தொகையை நான் தொடுவதில்லை.

நிரல் ஓடிவிட்டால் கூட்டல் தப்பாது. தப்புவது வேறு இடத்தில். நான் ஏற்றிய செயலிகளில் ஒன்று, ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மாங்காய் லோடு வந்ததாக மாதவாரிப் பட்டியல் கொடுத்தது. காரணம் தேதி. 01/06/2025 என்று நாம் எழுதினால் ஜூன் முதல் தேதி. அமெரிக்க வழக்கப்படி படித்தால் ஜனவரி ஆறு. 13/06 என்றால் பதின்மூன்றாவது மாதம் கிடையாது, அதனால் சரியாகப் படித்துவிடுகிறது. ஆக ஜூன் மாதத்தின் முதல் பன்னிரண்டு நாள் வருடம் முழுக்கச் சிதறிப் போகும், அதற்குப் பிந்தையவை ஒழுங்காக நிற்கும். மொத்தக் கூட்டுத்தொகை சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது. மாங்காய் என்பதால் ஜனவரி என்றதும் கண்ணில் பட்டது. வருடம் முழுக்க வரத்து உள்ள பாலக்கோடு தக்காளிக் கணக்காக இருந்தால் பட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

பெயர் விஷயம் இதைவிட மோசம். 'முருகன், சந்தூர்' என்றும் 'கா. முருகன், சந்தூர்' என்றும் இரண்டு பெயர். செயலி இரண்டையும் ஒரே ஆளாக்கி, ஒருவர் வாங்கிய அட்வான்ஸை இன்னொருவர் பாக்கியில் கழித்துவிட்டது. கணக்கு எழுதும் பையனிடம் காட்டினேன். "அண்ணா, அவரு வேற, இவரு வேற. இவரு ஏரிக்கோடி முருகன்" என்றான். ஏரிக்கோடி எந்தக் கட்டத்திலும் இல்லை. இப்போதெல்லாம் 'ஒரே ஆளாக இருக்கலாம் என்று தோன்றும் பெயர்களைப் பட்டியல் போடு, நீயாகச் சேர்க்காதே' என்று எழுதிவிட்டுத்தான் அடுத்த வேலை.

நியாயமாகச் சொல்லவேண்டியதும் உண்டு. கிளிமூக்கும் தோத்தாபுரியும் பெங்களூராவும் ஒன்று என்பதைப் பெரும்பாலும் தானே கண்டுபிடித்தது. '/-' போட்ட தொகைகள் எண்ணாக இல்லாமல் எழுத்தாக இருக்கின்றன என்றும் எடுத்துச் சொன்னது. எக்செல்லின் கூட்டல் ஃபங்ஷனான 'சம்' அப்படிப்பட்ட கட்டங்களைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டுக் கூட்டும். இந்த ஒரு விஷயத்தில் எக்செல்லைவிட இது நாணயம்.

இரண்டாவது வழி: ஃபைலைக் கொடுக்காமல், ஷீட் எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்லி ஃபார்முலா கேட்பது. நான் கேட்டது ஏறத்தாழ இப்படி: 'எக்செல் 2016. பி-யில் விவசாயி கோட் எண், இ-யில் லோடு எடை, எஃப்-பில் காலி எடை, ஜி-யில் கழிவு கிலோ, எச்-சில் கிலோ ரேட். ஒவ்வொரு வரிசைக்கும் தொகை வேண்டும். அடுத்த ஷீட்டில் கோட் எண்வாரியாகத் தொகையைக் கூட்டி அட்வான்ஸைக் கழித்துக் காட்டு. எக்ஸ்லுக்அப், ஃபில்டர் வேண்டாம்.'

கடைசி வரி முக்கியம். அது இல்லாவிட்டால், இன்னொரு பட்டியலில் தேடி எடுத்துத்தரும் புது ஃபங்ஷனான எக்ஸ்லுக்அப்பைத்தான் முதலில் நீட்டும். எக்செல் 2021, மைக்ரோசாப்ட் 365 ஆகியவற்றில் உண்டு. 2016, 2019 பதிப்புகளில் கிடையாது. ஒட்டியதும் கட்டத்தில் 'நேம்' பிழை வரும்; ஏஐ தப்பாகச் சொல்கிறது என்று திட்டிவிட்டு விட்டுவிடுவோம். பதிப்பைச் சொன்னால் விலுக்அப், சம்இஃப்ஸ் என்ற பழைய ஃபங்ஷன்களை வைத்து நம் மெஷினில் ஓடுவதாகவே எழுதித் தருகிறது.

இந்த வழி எனக்குப் பிடித்ததற்குக் காரணம், விடை என் ஷீட்டிலேயே இருக்கிறது என்பது. ஒரு வரிசையை எடுத்து எடைமேடைச் சீட்டோடு கால்குலேட்டரில் சரிபார்த்தால், மற்ற வரிசைகளும் அதே ஃபார்முலாதான். விவசாயி வந்து 'எப்படி இந்தத் தொகை?' என்றால் கட்டத்தைக் கிளிக் செய்து காட்டலாம். அடுத்த வருடமும் அதே ஷீட். நெட் இல்லாவிட்டாலும் ஓடும். யாருடைய கணக்கும் வெளியே போகவில்லை.

இந்த வழியிலும் சில நேரம் தேவையில்லாமல் சுற்றிவளைக்கும். 12,50,000 என்று நம்மூர்க் காற்புள்ளி வேண்டும் என்று கேட்டால், முழ நீளத்துக்கு ஒரு எண் வடிவக் குறியீடு தரும். விண்டோஸ் ரீஜியனை இந்தியா என்று மாற்றினாலே எக்செல் லட்சக் கணக்கில் காற்புள்ளி வைக்கும். தேதிச் சிக்கலும் பாதி அதிலேயே தீரும். கட்டத்தில் தேதி இடதுபக்கம் ஒட்டிக்கொண்டு நின்றால் அது தேதியாக இல்லை, எழுத்தாக இருக்கிறது என்று அர்த்தம். 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' போய் நாள்-மாதம்-வருடம் என்று தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். இதற்கு ஏஐ எதற்கு?

அதைச் சொன்னபிறகு, போட்டியில் ஏஐ இல்லாத எக்செல்லையும் நிறுத்தத்தான் வேண்டும். ரகவாரி, ஊர்வாரி, மாதவாரி என்று ஏஐயிடம் கேட்கப்படுவதில் பெரும்பகுதி, வகைவாரியாகத் தொகுத்துக் கூட்டித்தரும் எக்செல்லின் பிவட் டேபிள் வேலை. முதல் இரண்டு பெயரைப் பிரித்துக் காட்டிவிட்டுக் கன்ட்ரோல்-இ அழுத்தினால் மீதியைப் பிரித்துத்தரும் ஃபிளாஷ் ஃபில், 2013 பதிப்பிலிருந்தே இருக்கிறது. பிவட் தெரிந்தவர் ஏஐயிடம் கேட்கும் கேள்வியே வேறு மாதிரி இருக்கிறது. விடை தப்பினால் உடனே பிடிக்கவும் முடிகிறது.

ஷீட்டுக்கு உள்ளேயே இருக்கும் ஏஐகளுக்கு வருவோம். கோபைலட் 2023 நவம்பரில் பெரிய நிறுவனங்களுக்கு ஆளுக்கு மாதம் 30 டாலர் என்று வந்தது. 2025 ஜனவரியில் பெர்சனல், ஃபேமிலி சந்தாக்களிலும் சேர்ந்தது. ஃபேமிலியில் சந்தா எடுத்தவருக்கு மட்டும்தான், மற்றவர்களுக்கு இல்லை என்ற நிபந்தனையோடு. சார்ட், பிவட், நிறம் தீட்டுவது இவற்றை ஷீட்டிலேயே செய்து வைத்துவிடுகிறது. நகலெடுத்து ஒட்டும் வேலை மிச்சம். 2025 ஆகஸ்டில் கட்டத்துக்குள்ளேயே கேள்வி எழுதும் 'கோபைலட்' ஃபங்ஷன் ஒன்றையும் அறிமுகப்படுத்தினார்கள். எண் கணக்குக்கும், துல்லியம் வேண்டிய வேலைக்கும் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று மைக்ரோசாப்டே எழுதி வைத்திருக்கிறது. 'குறிப்பு' என்ற இடத்தில் உள்ள புகார்களை அழுகல், எடைக் குறைவு, தாமதம் என்று வகை பிரிக்க அது நல்ல கருவி. பாக்கி கணக்குக்கு அல்ல.

கூகுள் ஷீட்ஸின் பலம் ஜெமினி இல்லை, ஷீட்ஸ்தான். போச்சம்பள்ளியில் ஒருவர், பர்கூரில் ஒருவர் என்று ஒரே ஷீட்டில் போனிலிருந்து பதிவு போட்டால், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பது பதிப்பு வரலாற்றில் நிற்கும். ஜெமினி அதில் கூடுதல் வரவு. சாதாரண இலவச ஜிமெயில் கணக்கில் எதிர்பார்க்காதீர்கள், பெரும்பாலும் கட்டணத் திட்டம் வேண்டும்.

தமிழ் என்று வந்தால் எல்லா ஏஐக்கும் ஒரே பள்ளம். பழைய அலுவலக ஃபைல்கள் யூனிகோடுக்கு (இன்றைய பொது எழுத்து முறைக்கு) முந்தைய வானவில் எழுத்துருவில் இருக்கும். நம் கண்ணுக்குத் தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குப்பை, ஏஐ பார்ப்பது அந்தக் குப்பையைத்தான். ஏதோ புரிந்ததுபோல் பெயர்களைப் புனைந்தும் கொடுத்துவிடும். முதலில் என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஒன்றில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். கையெழுத்து நோட்டைப் படமெடுத்து ஏற்றினால் 1-க்கும் 7-க்கும் தகராறு வரும். பக்கத்தின் அடியில் கையால் போட்ட கூட்டுத்தொகையையும் படத்தில் சேர்த்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வங்கிக்கு, மின்வாரியத்துக்குக் கடிதம் எழுத எல்லாமே பரவாயில்லை; 'மதிப்பிற்குரிய' தூக்கலாக இருக்கும், குறைத்துக்கொள்ளலாம்.

வரி விகிதத்தை மட்டும் எதனிடமும் கேட்காதீர்கள். கிரானைட் பிளாக்குக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமானது. அதற்கு முந்தைய தரவில் பழகிய ஏஐ மாடல், இணையத்தில் தேடிப் பார்க்காவிட்டால், 12 என்று அடித்துச் சொல்லும். விகிதத்தைத் தனிக் கட்டத்தில் நீங்களே போடுங்கள். ஃபார்முலா அந்தக் கட்டத்தைப் பார்க்கட்டும்.

ஃபைலை ஏற்றத்தான் வேண்டும் என்றால் ஆதார் எண், வங்கிக் கணக்கு, போன் எண் உள்ள நெடுவரிசைகளை அழித்துவிட்டு, பெயருக்குப் பதில் கோட் எண் போட்ட நகலை ஏற்றுங்கள். நம் தரவை மாடல் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் அனுமதி சாட்ஜிபிடி செட்டிங்கில் இருக்கிறது, அணைத்துவிடலாம்.

செலவு: ஃபார்முலா கேட்பதற்கு இலவசக் கணக்கே பெரும்பாலும் போதும். 2025-இல் மாதம் 399 ரூபாயாக இருந்த சாட்ஜிபிடியின் 'கோ' திட்டத்தை, அந்த நவம்பர் 4 முதல் குறிப்பிட்ட காலத்துக்குள் சேர்பவர்களுக்கு இந்தியாவில் ஒரு வருடம் இலவசம் என்றார்கள். இலவசத்துக்கும் கார்டு எண் கேட்டால், காலம் முடியும் தேதியை காலண்டரில் குறித்து வையுங்கள். வருடச் சந்தாவுக்குத் தள்ளுபடி என்று எல்லாரும் ஆசை காட்டுவார்கள். மாங்காய்க் கணக்கு மே, ஜூன், ஜூலைதான். மாதச் சந்தா எடுத்து ஆகஸ்டில் நிறுத்திவிட்டால் தள்ளுபடியைவிட மிச்சம்.